குக்கர் அக்கா எழுதுவது

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை எங்கள் குக்கர் மறுபடியும் என் மானத்தை வாங்கிவிட்டது. பருப்பை வேகப் போட்டுவிட்டு, பயிற்சி வகுப்புக்காகப் போனைச் சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்திருந்தேன். கண்டியிலிருந்து வகுப்பு நடத்தும் மிஸ் ஒரு கேள்வி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதிக்குள் குக்கர் நீளமாக ஒரு விசில் அடித்தது. "யாரு வீட்டு குக்கர் அது? மைக்க மூடிருங்க ப்ளீஸ்" என்றார் மிஸ். மூடத்தான் விரலைக் கொண்டுபோனேன். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக் கிடக்கும் எங்கள் லயத்து வீட்டில் இன்றைக்கும் அந்த ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் நிற்கிறது. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது மகளின் கணித வகுப்பு என் அடுப்படிக்கு வந்து சேர்ந்தது அதனால்தான். நீங்கள் அம்பிட்டியவில் உங்கள் வீட்டிலிருந்து படிப்பித்தீர்கள். அவள் சீனி டப்பாவில் போனைச் சாய்த்துவைத்துப் படித்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். காதைப் பொத்திக்கொண்டா சமைக்க முடியும்?

அன்றைக்கு ஒருங்கமை சமன்பாடு. நீங்கள் கேட்கக் கேட்க, பிள்ளைகள் எல்லாம் ஊமையாக இருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டையும் கூட்டிப் பாரு புள்ள, அந்த y தன்னால ஓடிப்போயிரும்" என்றேன் மகளிடம்.

"ஆர் அது கதைச்சது?" என்றீர்கள்.

"ஐயோ அம்மா, மைக் தொறந்து கெடக்கு!" என்று மகள் போன்மேல் பாய்ந்தாள். அந்த நேரம் பார்த்துக் குக்கரும் விசில் அடிக்க, வகுப்பே சிரித்தது. நீங்களும் நன்றாகச் சிரித்துவிட்டுச் சொன்னீர்கள்: "மைக்கை மூடாதேங்கோ அக்கா. அந்த y எப்பிடி ஓடினதெண்டு பிள்ளையளுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ."

கரண்டியும் கையுமாக நின்று சொன்னேன். சோறு ஆயிற்றா, தண்ணீர் பிடித்தாயா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒரு விளக்கம் கேட்டவர் நீங்கள்தான்.

பின்னேரம் தனியாக அழைத்தீர்கள். பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில், நான் வெறும் உதவியாள் என்று சொன்னேன். பொறுப்பாளராக வர எனக்கு எவ்வளவு ஆசை என்பதையும் எப்படியோ சொல்லிவிட்டேன். அதற்கு, மகள் எழுதப்போகிற அதே பதினோராம் வகுப்புப் பரீட்சை, சாதாரண தரம், பாஸ் பண்ணியிருக்க வேண்டும். அம்மா படுக்கையில் விழுந்ததால், அந்தப் பரீட்சை எழுதாமலே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவள் நான்.

"இப்ப எழுதலாம்தானே?"

"போங்க டீச்சர். மகளோட சேந்தா? லயமே சிரிக்கும்."

"சிரிக்கிறவை சிரிக்கட்டும். ரிசல்ட் வாற அண்டைக்கு நாங்கள் சிரிப்பம்."

லயத்தைவிட மகள்தான் பெரிய தொல்லை. "நீ எழுதுனா நா எழுத மாட்டேன்" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளிடம் நீங்கள் கெஞ்சவில்லை. "அப்ப அம்மாவைத் தோற்கடிச்சுக் காட்டுங்கோ பாப்பம்" என்றீர்கள். அதற்குப் பிறகு அவள் புத்தகத்தை விட்டால்தானே! என் பிழைகளைத் திருத்துவதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஊரே மகிழ்ந்தது. எனக்கு மட்டும் வகுப்பு மூடிவிட்டது போல இருந்தது. நீங்கள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே ஜன்னலுக்குப் போனில் வந்தீர்கள். இரண்டு மாதத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் முக்காலியோடு என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார்கள். சிரிப்பார்கள் என்று நான் பயந்தது இவர்களுக்குத்தான்.

ரிசல்ட் வந்த அன்று போனைப் பார்த்து மகள் கத்தினாள்: "அம்மா, கணக்குல உனக்கு C!" தனக்கு வந்த A-யை அவள் பிறகுதான் சொன்னாள். உங்களுக்கு அழைத்தபோது எனக்கு முதலில் வந்தது அழுகைதான். அதை நீங்கள் கேட்கக்கூடாது என்று மைக்கை மூடப்போனேன். "மூடாதேங்கோ அக்கா, நல்லாச் சத்தமா அழுங்கோ. லயம் முழுக்கக் கேக்கட்டும்" என்றீர்கள். உங்கள் குரலும் உடைந்துதான் இருந்தது டீச்சர்.

உங்களுக்கு உடம்பு முடியாததை எங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. என்னைவிட இளையவர் நீங்கள். போகிற வயதா அது? அம்பிட்டிய வீட்டு வாசலில், யார் என்று எப்படிச் சொல்வது எனத் தெரியாமல் மகளோடு நின்றேன். உங்கள் அம்மா வந்து என் கையைப் பிடித்தார். "நீங்கள்தானே குக்கர் அக்கா? உங்களைப் பற்றி அவள் சொல்லாத நாள் இல்லை" என்றார். அந்தப் பெயரை இன்றுவரை ஒரு பட்டம் போல வைத்திருக்கிறேன்.

இப்போது பிள்ளைக் காம்பராவுக்கு நான்தான் பொறுப்பு. அதற்கான பயிற்சியில்தான் இன்று காலை மிஸ் இந்தக் கேள்வியைக் கேட்டார்: "ஒரு புள்ள நாள் முழுக்க வாயே தொறக்காம ஒக்காந்திருந்தா என்ன செய்வீங்க?"

மைக்கை மூடப்போன விரலை எடுத்துவிட்டேன்.

"மிஸ், பதில சொல்லிட்டு மூடுறேன்" என்றேன். "அந்தப் புள்ள சும்மா இருக்கிற மாதிரி தெரியும். ஆனா வாய்க்குள்ள எதையாவது சொல்லிக்கிட்டுத்தான் இருக்கும். கிட்டப் போயி, 'யாரு அது பேசுனது'ன்னு கேக்கணும்."

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. நான் மைக்கை மூடவில்லை டீச்சர்.