குமார் நடக்க வைத்த என் பேய்

ஆகஸ்ட் 9, சனி. ஈப்போ.

குமாரும் நானும் பள்ளி நாளிலிருந்தே சேர்ந்து பேய்க் கார்ட்டூன் போடுகிறோம். கதை அவன், படம் நான். அதில் வரும் ரப்பர் தோட்டத்துப் பெண்பேயை நடக்க வைக்கத்தான் இந்த வருடம் அனிமேஷன் வகுப்பில் சேர்ந்தேன். அவளுக்கு என் அம்மாவின் நடை. பாலுக்கு ரப்பர் மரம் சீவப் போய்ப் பள்ளத்தில் விழுந்த நாள் முதல் அம்மா காலை இழுத்துத்தான் நடக்கிறார். அந்த இழுப்பு எனக்கு இப்போதுதான் கொஞ்சம் கைவருகிறது.

இன்று கோப்பிக் கடையில் குமார் கைப்பேசியை நீட்டினான். என் பேய் காற்றில் மிதந்து போனது. காலே இழுக்கவில்லை. என் படங்களை எல்லாம் ஏஐ-யிடம் கொடுத்துச் செய்தானாம். நேற்றே இணையத்தில் போட்டுவிட்டான், அவன் பெயரை மட்டும் போட்டு.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"நீ கத்துக்கிட்டு முடிக்கிறதுக்குள்ள கிழவியாயிடுவ லா. உன் ஸ்டைல்தானே, சந்தோஷப்படு."

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

இப்போது செய்தி அனுப்பியிருக்கிறான். அடுத்த கதை தயாராம். புதுப் பேய் ஒன்றை எல்லாப் பக்கமிருந்தும் வரைந்து அனுப்ப வேண்டுமாம், மற்றதை ஏஐ பார்த்துக்கொள்ளுமாம்.

பதில் போடவில்லை. போட்டால் இதற்கும் சரி என்றுதான் எழுதிவிடுவேன். கைப்பேசியை அணைத்துவிட்டு, என் பேயின் இழுக்கும் காலையே மறுபடி வரைகிறேன்.