கிடாவுக்குப் பதில் சேவல்

என் அன்புக்குரியவருக்கு,

ஜெரோம் அண்ணன் நாளை குவைத்துக்குத் திரும்புகிறார். போனில் பேசினால் அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்பதால், இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

"வீட்டுச் செலவுக்குத் தாராளமா இருக்கா, இல்ல இன்னும் ரெண்டு வருசத்துக்கு இங்கேயே வேலைக்குக் கையெழுத்துப் போடவா?" என்று ஞாயிறன்று கேட்டீர்கள். நான் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

செபஸ்தியார் திருவிழா அன்னதானத்துக்கு எப்போதும் நம் வீட்டிலிருந்து கிடா போகும். இந்த வருஷம் சேவல்தான் கொண்டுபோனேன். வழியெல்லாம் கையைக் கொத்தியது. கோயில் வாசலில் வியாகுலம்மாள் அக்கா பார்த்துவிட்டார்.

"ஏன் டீச்சரு, போன வருசத்துக் கிடாவுக்கு இறக்கை மொளச்சிருச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாலு மாதமாக நீங்கள் அனுப்பும் பணத்தை நான் தொடவில்லை. என் பள்ளிக்கூடச் சம்பளத்திலேயே வீட்டை ஓட்டிப் பார்க்கிறேன். சோற்றுக்கு இரண்டு வெஞ்சனம் வைத்த இடத்தில் இப்போது ஒன்றுதான். நம் பிள்ளை ஷைனி ஆட்டோவை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறாள். அத்தையின் மாத்திரையில் மட்டும் கை வைக்கவில்லை.

வசதியாக இருக்கிறதா என்றால், இல்லை. ஷைனியைக் கல்லூரியில் சேர்க்கும்போது என்ன செய்வேன் என்று நினைத்தால் தூக்கம் போய்விடுகிறது. அதற்குத்தான் பாங்கில் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். விடிந்ததும் மறுபடி பயம் வந்துவிடுகிறது.

ஆனாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த திருவிழாவுக்கும் சேவல்தான். அதை நீங்கள் பிடித்துக்கொண்டு வாருங்கள். வியாகுலம்மாள் அக்காவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி