பித்தளைக் குடத்துத் தண்ணீர்

என் ஆசை அண்ணனுக்கு, முரட்டு ஏழுமலைக்கு,

தொரை உயிரோடுதான் இருக்கிறான். முதலில் அதைத்தான் கேட்பாய் என்று தெரியும். பெண்டாட்டி எப்படி, தம்பி எப்படி என்று கேட்கிற ஆளா நீ? இன்று காலை அவனுக்கு ஐந்து இறால் உரித்துப் போட்டேன். ஐந்தாவதைக் கொடுக்கும்போது கன்னத்து முள்ளால் என் கட்டைவிரலைக் கிழித்துவிட்டான். தொட்டித் தண்ணீரில் ரத்தம் புகை மாதிரி இறங்கியது. உன்னைக் கிழித்தபோது நீ சிரித்தாய். நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன்.

நம் தெருவுக்குக் கரண்ட் வந்த வருஷம், பழவேற்காட்டுக் கடலில் உன் வலையில் விழுந்த மீன் அவன். சாப்பாட்டுத் தட்டு அகலம், காவி உடம்பு, அதில் வில்லாக வளைந்த நீலக் கோடுகள். குழம்புக்கு என்று அண்ணி அரிவாள்மனையை எடுத்தாள். "தொட்டே, வெட்டிருவேன்!" என்று கத்தினாயே! வெள்ளைக்காரத் துரை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகிறான் என்று நீயே பேரும் வைத்தாய். கும்மிடிப்பூண்டிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த நான்தான் ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்துக் கண்ணாடித் தொட்டி செய்து கொடுத்தேன். துரு ஏறாமல் இருக்கப் படகுக்குப் பூசுகிற தாரை நீ பூசினாய். கரண்ட் போய்க் காற்று விடுகிற மோட்டார் நின்றால், சைக்கிள் பம்பை வைத்து மணிக்கணக்காக அடிப்பாய். கூட விட்ட மீனை எல்லாம் அவன் மதியத்துக்குள் குதறிப் போட்டான். உனக்கு அதிலும் பெருமை. "நம்மூட்டுப் புள்ள இல்ல?" என்பாய்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். எவ்வளவு சுற்றினாலும் அங்கேதான் வரவேண்டும்.

அப்போது நமக்குள் ஒரு மாதமாகச் சண்டை. எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தொட்டி இருக்கிற அறையைக் காலி பண்ணு என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ காய்ச்சலில் படுத்தாய். வாராவாரம் பழைய தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துவிட்டுப் புதுக் கடல்தண்ணீர் ஊற்றவேண்டும். நீ எப்போதும் மண்பானையில்தான் கொண்டுவருவாய். "நீ போய் கொண்டாடா" என்றாய். சண்டையை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் போனேன். பானை சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்தது. வீட்டுக்குத் திரும்பி, என் பெண்டாட்டி சீராகக் கொண்டுவந்த பித்தளைக் குடத்தை எடுத்தேன். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள். சாமிக்குத் தண்ணீர் எடுக்கிற குடம், தொரைக்கு என்ன குறைச்சல் என்று நினைத்தேன். நாலு நடை அடித்து அவளுடைய பித்தளை அண்டாவை நிரப்பினேன். மணல் அடங்கட்டும் என்று ஒரு நாள் முழுக்க விட்டு, அப்புறம் தொட்டியில் ஊற்றினேன்.

ஒரு மணி நேரத்தில், தொரையின் தீனிக்கென்று தொட்டியில் உயிரோடு விட்டிருந்த இறால் எல்லாம் செத்துச் சுருண்டது. தொரை ஒருக்களித்து, செவுளை அடித்துக்கொண்டு கிடந்தான். நீ போர்வையை உதறிவிட்டு வந்தாய்.

"வெஷம் வச்சிட்டியாடா? ரூமுக்கோசரம் வாயில்லா ஜீவனுக்கு வெஷம் வச்சிட்டியே, பாவி!"

என் கன்னத்தில் அறைந்தாய். குறுக்கே வந்த என் பெண்டாட்டியைத் தள்ளிவிட்டாய். அவள் நெற்றி வாசற்படியில் மோதிப் பிளந்தது. அதற்கப்புறம் எனக்குக் கண் தெரியவில்லை. தொட்டிக்கு வாங்கி மிச்சமான ஆங்கிள் துண்டு மூலையில் கிடந்தது. அதை எடுத்து உன் வலது முழங்கையில் அடித்தேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் இன்னொரு அடி அடித்தேன் அண்ணா. முதல் அடி கோபம். அந்த இரண்டாவது அடி என்ன?

அண்ணி வேறு கடல்தண்ணீர் மாற்றி ஊற்றியதில் தொரை பிழைத்துக்கொண்டான். ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. அம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்து, நான் விஷம் வைக்கவில்லை என்று சத்தியம் செய்தேன். ஊர் என்னை நம்பியது. பொய்ப்பழி போட்டவன் என்று உன்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கட்டுப் போட்ட கையோடு நீ தம்பி காலில் விழுந்தாய். நான் காலை நகர்த்தக்கூட இல்லை. மறுநாளே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குக் குடிபோனேன். அந்தக் குடத்தைத் தொடப் பிடிக்காமல் தொட்டி ஓரத்திலேயே விட்டுவிட்டேன். நாலு வருஷம் நாம் பேசவில்லை.

போன மாதம் முகத்துவாரத்தில் அலை உன் படகைக் கவிழ்த்துப் போட்டது. கூட இருந்த மூன்று பேரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள். "ஏழுமலயும் புட்ச்சிக்கினுதான் இருந்தாம்பா. அந்த ஒடஞ்ச கையி நிக்கல" என்றான் ஒருவன், என் முகத்தைப் பார்க்காமல்.

உன் காரியத்துக்கு வந்தவன், அது முடிந்தும் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பவில்லை. தொட்டி கலங்கிக் கிடந்தது. கடல்தண்ணீர் கொண்டுவரலாம் என்று அதே பித்தளைக் குடத்தை எடுத்தேன். அண்ணி பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். குடம் உருண்டு சுவரில் மோதியது.

"அதுல வாணாம்! ஒரு தபா பட்டது பத்தாதா?"

"இன்னா அண்ணி சொல்ற?"

"அந்தப் பித்தளதான் தம்பி வெஷம். உப்புத்தண்ணி நின்னா களிம்பு எறங்கிடுது. நீ ஊட்ட வுட்டுப் போனப்பறம், உங்க அண்ணன் அந்தக் கொடத்துல கடத்தண்ணி ரொப்பி, உசுரோட எறாவ வுட்டுப் பாத்தாரு. அத்தினியும் செத்துப்போச்சு. 'எந்தம்பி வேணும்னு செய்யல புள்ள'ன்னு கொடத்தப் புட்ச்சிக்கினு அழுதாரு."

"அப்ப ஏன் என்னாண்ட சொல்லல?"

"நானும் சொல்லத்தான் சொன்னேன். 'வாணாம், அவன் மொரடன். தண்ணி அவனாலதான் கெட்டுச்சின்னு தெரிஞ்சா, என்ன அட்ச்ச இரும்பாலயே தன்ன அட்ச்சிக்குவான்'னுட்டாரு."

அடப் பாவி அண்ணா! ஒரு பஸ் ஏறி வந்து சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, நான்தான் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா? நீ பழி போட்டது என் மனசின் மேல், அது தப்பு. ஆனால் தண்ணீரில் விஷம் இருந்தது என்றாயே, அது சத்தியம். அது தெரிந்த பிறகும், என் காலில் விழுந்த அவமானத்தை எனக்காகவா நாலு வருஷம் சுமந்தாய்?

நீ சொன்னது சரிதான். அந்த இரும்பைத் தேடினேன். கொல்லை, கூரை, வலைக் குவியல் எல்லாம் புரட்டிப் போட்டேன். கையில் கிடைத்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத எனக்குக் கை இருந்திருக்காது. அண்ணி சொன்னாள்: குடத்தில் விட்ட இறால் செத்த அன்றைக்கே நீ இடது கையால் அதைத் தூக்கிப்போய் ஏரியில் எறிந்துவிட்டாயாம்.

வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் ஊர் கூடுகிறது. அதே அம்மன் முன்னால் நின்று சொல்லப்போகிறேன். தண்ணீரைக் கெடுத்தது என் கை, அண்ணன் கையை ஒடித்ததும் என் கை, கடலில் அவன் பிடி நழுவியதும் இதே கையால்தான் என்று சொல்வேன். அப்புறம் விழுவேன். விழுவதற்கு உன் காலுக்கு நான் எங்கே போவேன்? கட்டுப் போட்ட கையோடு நீ விழுந்து கிடந்தாயே, அந்த மண்ணில் விழுவேன்.

தொரைக்கு மண்பானை வாங்கி வைத்துவிட்டேன். அவன் இருக்கிறவரை தண்ணீர் சுமப்பது நான்தான்.

காலை நகர்த்தாமல் நின்ற உன் தம்பி,
முனுசாமி