கண்ணாடிப் பணம் காணிக்கையானது

அம்மாவுக்கு உங்கள் அருமைத் தொல்லை சாலமோன் புனேயிலிருந்து ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் கண் சுகமா? போனில் கேட்டால் வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை வெட்ட முடியாதே!

கண்ணாடிக்கு அனுப்பிய பணத்தை ஆரணிச் சபையின் தசமபாகக் கவரில் போட்டுவிட்டீர்களாம். "தறியில அறுந்த பட்டு இழையை அம்மா தடவிகினு தேடுதுடா" என்று பிரிஸில்லா அக்கா புலம்புகிறாள். உங்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது?

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இங்குள்ள போதகரிடமே கேட்டேன். "ஐயரே, விதவைங்க தசமபாகம் குடுக்கணும்னு பைபிள்ல, உபாகமத்துல எங்க இருக்குது?"

"ஏன்டா, காணிக்கை போடாம தப்பிக்க வழி தேடுறியா?"

நான் விடவில்லை. பதினாலாம் அதிகாரத்தைச் சத்தமாக வாசித்தேன். மூன்றாம் வருஷ விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஆலய ஊழியம் செய்கிற லேவியனோடு பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வயிறாரச் சாப்பிட வேண்டுமாம். நீங்கள் கொடுக்கிற வரிசையில் இல்லை அம்மா, சாப்பிடுகிற வரிசை! ஐயர் ஜல்தியாகப் பேச்சை மாற்றிவிட்டார்.

அதே வரிசையில் பரதேசி நானும் இருப்பதால் எள்ளு இட்லிப் பொடி அனுப்புங்கள். நிறையவே அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே பொழுதே போவதில்லை.

இந்த மாதம் பணம் வராது. கண்ணாடிக் கடைக்கே கட்டிவிட்டேன். சனிக்கிழமை அருள்பிரகாஷ் மாமா வண்டியோடு வருவார், மறுபேச்சுப் பேசாமல் ஏறுங்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது. கண்ணாடியையும் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டுவிடாதீர்கள்!

சாலமோன்