கிள்ளி எறிந்த காம்புகள்

அப்பாவுக்கு தமிழ்வாணியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நாசிக்கில் நான் சுகம். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

திராட்சைக் கொடியில் வைரஸ் நோய் உண்டா என்று சோதிக்க, எங்கள் ஆய்வுக்கூடத்தில் இலை பறித்துவரச் சொன்னார்கள். உங்களுக்கு வெற்றிலை மடித்துத் தந்த பழக்கத்தில் காம்பையெல்லாம் கிள்ளி எறிந்துவிட்டேன். சோதனையே காம்பில்தான். அதிகாரி கேட்டபோது, கூட வந்த கூலிக்கார அக்கா சவிதா கிள்ளியதாக ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஆங்கிலம் புரியாமல் சவிதா அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுநாளிலிருந்து அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

"இம்புட்டுத்தானே தாயி" என்று சொல்லிவிடாதீர்கள் அப்பா. நாளை அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு சவிதா அக்கா வீட்டுக்குப் போவேன். அவரும் வெற்றிலை போடுவார். அடுத்த முறை போகும்போது கொடுக்க, நம் கொடிக்காலிலிருந்து ஒரு கவுளி வெற்றிலை அனுப்புங்கள், காம்போடு.

பஸ் வந்துவிட்டது.

தமிழ்வாணி