கை டைட்

ஜூன் 9

பாப்பாவின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் கேட்டால் "ம்" என்று ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். கடிதத்துக்கு "ம்" கொட்ட முடியாதல்லவா?

ஒரு செய்தி, சிரிக்கக்கூடாது. நான் படிக்கச் சேர்ந்துவிட்டேன். பேக்கிங் கம்பெனியை மூடிய பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சமுதாயக் கல்லூரியில் ஒரு வருடப் படிப்பு என்று பெரியவளின் பள்ளிக்கூடத்தில் நோட்டீஸ் கொடுத்தார்கள். போய்க் கேட்டால் தையல் பிரிவு நிரம்பிவிட்டதாம். மிச்சம் இருந்தது வண்டி பழுது பார்க்கும் பிரிவு மட்டும். துணிந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று உங்கள் கூட்டாளிகள் முன்னால் கேலி செய்வீர்களே, இப்போது கண்ணை மூடிக்கொண்டு தடவியே எத்தனாம் நம்பர் ஸ்பேனர் என்று சொல்லிவிடுவேன்.

பதினெட்டுப் பேரில் நான் ஒருத்திதான் பெண். முதல் வாரம் எல்லோரும் "ஆன்ட்டி" என்றார்கள். ஒரு நாள் பழைய ஆயில் முழங்கை வரை வழிந்தும் நான் முகம் சுளிக்காமல் நின்றேன். அன்றிலிருந்து "அக்கா" ஆகிவிட்டேன். பாப்பாதான் பக்கத்தில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். "அப்பா வாசனை வருது" என்கிறாள். நகத்துக்குள் போன கறுப்பு எதற்கும் மசியமாட்டேன் என்கிறது.

சைலன்சர் அண்ணனைப் பற்றி எழுதாமல் முடிக்க மனமில்லை. நீங்கள் விளையாட்டாக வைத்த அந்தப் பெயர் இப்போது சிறைக்குள்ளும் போய்விட்டதாம். அங்கேயும் வாயே திறப்பதில்லை என்று அண்ணி சொன்னார்கள். இரண்டரை வருடத் தண்டனையில் இன்னும் எட்டு மாதம்கூட முடியவில்லை. போன தடவை பார்க்கப் போனபோது அண்ணியிடம் ஒன்று மட்டும் சொன்னாராம். "அந்த வேன் சக்கரத்தை முறுக்கினேனா இல்லையான்னு எவ்வளவு யோசிச்சாலும் ஞாபகம் வரல. ஆனா வேலை முடிஞ்சதுன்னு ஜாப் கார்டுல போட்ட கையெழுத்து என்னோடது. அந்த டீச்சரம்மாவைக் கொன்னது நான்தான்." ஓடுகிற வேனிலிருந்து கழன்று வந்த சக்கரம் அடித்தபோது பஸ் ஸ்டாப்பில் சும்மா நின்றவர்கள் அந்த டீச்சரம்மா. இவரும் பதினொரு வருடம் ஒர்க் ஷாப்பில் உங்கள் பக்கத்தில் நின்று வேலை பார்த்த மனிதர். யாரை நினைத்து அழுவது என்றே தெரியவில்லை.

அன்று நீங்கள் மூன்று மணிக்கே கிளம்பியது வருகைப் பதிவேட்டில் இருந்ததால் தப்பினீர்கள். அதை நினைத்து தினமும் கும்பிட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு வந்த வாரமே நீங்கள் ஊரை விட்டுப் போய்விட்டீர்கள், அவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்களேன். அண்ணிக்கு ஆறுதலாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பதிலுக்காக,
பாப்பாவின் அம்மா


ஜூலை 21

பாப்பாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதிக் கிழிக்கிறேன். நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. மன்னியுங்கள்.

வியாழக்கிழமை சக்கரம் கழற்றி மாட்டும் பாடம். வண்டி லிஃப்டில் தொங்குகிறது. மாஸ்டர் ஒரு சக்கரத்தை மாட்டி, ஐந்து நட்டையும் விரலால் சுற்றிவிட்டு, எங்களிடம் திரும்பிச் சொன்னார்: "இதுக்குப் பேரு கை டைட். சக்கரம் விழாது, அவ்வளவுதான். வண்டியைக் கீழ இறக்கி, ரெஞ்சு போட்டு முறுக்கினாதான் வேலை முடிஞ்சது. பத்து நிமிஷ வேலை. அதுக்கு முன்னாடி யார் கூப்பிட்டாலும் போகாதீங்க."

என் கையில் இருந்த நட்டு கீழே விழுந்து உருண்டது. தலை சுற்றுகிறது என்று சொல்லி வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த அன்று நான் உங்களுக்குப் போன் செய்தேன். அன்று நாம் பேசியதில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. பயத்தில் கேட்டது மறப்பதில்லை. "வேனோட பின் லெஃப்ட் வீல் கை டைட்ல இருக்கு, இறக்கி முறுக்கணும், பத்து நிமிஷம்" என்றீர்கள். எனக்கு அது என்ன பாஷை என்றே புரியவில்லை. பிள்ளை கண் சொருகிக் கிடக்கிறாள், சக்கரத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று கத்தினேன். "இப்பவே வாங்க, இல்லைனா வரவே வேணாம்" என்றேன். ஒர்க் ஷாப்பிலிருந்து வீட்டுக்குக் கால் மணி நேரம். சரியாகக் கால் மணி நேரத்தில் வாசலில் நின்றீர்கள்.

அந்தப் பத்து நிமிடம் எங்கே போனது?

கோர்ட்டில் "பின் சக்கரத்தை நான் தொடவே இல்லை" என்றீர்கள். நான் பின்வரிசையில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் பொய் சொல்லமாட்டார் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். என் மூளைக்கு அன்று எதுவும் எட்டவில்லை.

நான் நினைப்பது தப்பு என்று எழுதுங்கள். ஒரே வரி போதும். எப்படித் தப்பு என்று மட்டும் விளக்கிவிடுங்கள். இப்போது எனக்கும் இந்த வேலை புரியும்.

பாப்பாவின் அம்மா


ஆகஸ்ட் 30

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நினைப்பது தப்பு என்று அதில் எங்கேயும் இல்லை. "முடிஞ்சு போனதைக் கிளறாதே, பிள்ளைகளை நினை" என்று இருக்கிறது. "அவன் பார்த்துப்பான்னு நினைச்சேன்" என்று இருக்கிறது. கடைசியில், "கூப்பிட்டது நீதானே" என்றும் இருக்கிறது.

ஆமாம், கூப்பிட்டது நான்தான். அந்த வரியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சமைக்கவில்லை. பெரியவள்தான் தங்கைக்கு எதையோ கிளறிக் கொடுத்தாள். ஆனால் ஒன்று. உங்களைக் கூப்பிட்டதற்கு நான் வெட்கப்படவில்லை. நீங்கள் ஓடி வந்ததற்கும் உங்களைக் குறை சொல்லமாட்டேன். பிள்ளைக்காக ஓடி வராத அப்பன் ஒரு அப்பனா? வழியில் ஒரு போன் போட்டு "அந்தச் சக்கரத்தைப் பாருடா" என்று சொல்லியிருக்கலாம். அதைக்கூட மன்னிக்கலாம், பதற்றம். அதற்குப் பிறகு கோர்ட்டில் நிதானமாக, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு சொன்னீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அண்ணியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று தயாராகத்தான் போனேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "இது அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்கள். தெரியாது என்றேன். "அப்ப நீயே வந்து சொல்லு. நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைச்சுப்பாரு" என்றார்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், படி உயரம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் பாதியாக இளைத்துவிட்டார். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போன், கை டைட், கால் மணி நேரம். "அப்ப நான் இல்லையா?" என்றார். மறுபடியும் கேட்டார். மூன்றாம் தடவை கேட்கும்போது குரல் உடைந்துவிட்டது. அந்த மனிதர் அவ்வளவு சத்தமாக அழுது நான் பார்த்ததில்லை. காவலர்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா பார்க்காம கையெழுத்துப் போட்டது நான்தானேம்மா, அதுக்கு உள்ள இருக்க வேண்டியதுதான்" என்றார். அதற்குப் பிறகு கேட்டார், "பாப்பாவுக்கு அன்னைக்கே வலிப்பு நின்னுடுச்சா?" நீங்கள் ஏன் பாதியில் ஓடினீர்கள் என்று அவருக்கு அன்றுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்து கூட்டிப் போய்விட்டார்கள்.

உங்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நானும் அண்ணியும் அண்ணனின் வக்கீலம்மாவைப் பார்த்தோம். என் வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டார். நான் கத்தியதையும் விடாமல் சொன்னேன். "பெண்டாட்டி சொன்னா கோர்ட் பாதிதான் நம்பும், உங்க வீட்டுக்காரரே வந்து சொன்னாத்தான் கேஸ் திரும்பும்" என்றார். அப்படி வந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்றும் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. நானும் உங்களிடம் மறைக்கவில்லை. பொய்ச் சாட்சிக்குத் தனியாகவும் தண்டனை உண்டாம்.

வரும் புதன்கிழமை வாக்குமூலத்தைத் தாக்கல் செய்கிறார். அதற்கு முன்னால் வந்தீர்களானால் இரண்டு பேரும் சேர்ந்து போகலாம். உங்களைத் தனியாக அனுப்பமாட்டேன். நீங்கள் உள்ளே இருக்கும் காலத்துக்கு இந்தப் படிப்பை வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன், அந்தப் பயம் வேண்டாம். அதற்கப்புறம் வந்தாலும் வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கும். வரவே இல்லை என்றால்... அந்த வரியை எழுதி எழுதி அடித்துவிட்டேன்.

பெரியவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லலாமா என்று கோபப்படாதீர்கள்; ஊரார் வாயால் கேட்பதைவிட என் வாயால் கேட்கட்டும் என்று நினைத்தேன். அவள் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள். பிறகு, "அப்பா வருவாரா?" என்று கேட்டாள்.

வருவார் என்று சொல்லிவிட்டேன்.

என்னை அந்தப் பிள்ளை முன்னால் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள். கடவுள் உங்களுக்குத் திடம் கொடுக்கட்டும். கண்ணுக்கு மருந்து விட மறக்காதீர்கள். பயணத்தில் ஜன்னலோரம் உட்கார வேண்டாம், உங்களுக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது.

இன்னும் உங்கள் மனைவியாகவே இருக்கும்,
பாப்பாவின் அம்மா