கொழுந்துக் கூடை வேடம்

ஒக்டோபர் 31

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய எங்களை இழிவாக நடத்துவதற்கு எதிராக வேலை செய்யும் குழுவுக்கு நிதி சேர்க்க, இன்று தேவாலயப் பங்கு மண்டபத்தில் மாறுவேட இசை நிகழ்ச்சி. ஊரடங்குக்கு முன் முடிக்கவென்று நாலு மணிக்கே தொடங்கினார்கள். நான் பாட மேடையேறியபோது, டிரம் அடிக்கும் அந்தோனி அண்ணன் முகத்தில் கரி பூசி, முதுகில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வந்தார். சனம் சிரித்தது.

“பகிடிக்குத்தானே தங்கச்சி, நீங்கள் பாடுங்கோ” என்றார்.

“எங்கம்மா தோட்டத்துல பகிடிக்கா கூடை தூக்குனாங்க? கழுவிட்டு வாங்க. அப்புறந்தான் பாடுவேன்.”

நான் மேடையை விட்டு இறங்கவில்லை. கடைசியில் அவர் கூடையைக் கழற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். ஈர முகத்தோடு திரும்பி வந்து, என்னைப் பார்க்காமலே டிரம் அடித்தார். நான் முழுப் பாட்டையும் பாடினேன்.

ஞாயிறு பூசைக்குப் போனால் என்ன சொல்வார்களோ. போகத்தான் போகிறேன், முன் வரிசைக்கு.